மேய்ச்சல் பூட்ஸ்

குணசுந்தரி வாங்கிவந்த கால்பந்து பூட்ஸ் இரண்டும் விடிவதற்குள் வாசற்படி இறங்கிப் போய்ப் பக்கத்து வீட்டு மனோரஞ்சிதம் அக்காவின் கொத்தமல்லித் தொட்டியை வேரோடு மேய்ந்துவிட்டன என்ற செய்தி, தொழிற்சாலைச் சங்கு ஊதுவதற்குள் தொட்டிமேடு முழுக்கப் பரவியபோது, யாரும் வாயைப் பிளக்கவில்லை, "ரெண்டும் மேஞ்சுதா, ஒண்ணு மட்டுமா?" என்றுதான் கேட்டார்கள். ரெண்டும்தான் என்று தெரிந்ததும், அப்படியானால் இடதும் வலதும் ஒரே தோலில் வெட்டினதுதான், ஜோடி மாறவில்லை, நல்ல சரக்கு என்று திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அவரவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்கள்.

பாலாற்றங்கரையில் இருக்கிற அந்த ஊரைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அங்கே பாதி ஊர் தோல் பதனிடும், மீதி ஊர் அதை ஷூவாகத் தைக்கும், இரண்டும் செய்யாதவர்கள் உட்கார்ந்து இரண்டு வேலையிலும் குறை சொல்வார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனால்கூட முதலில் வாசலில் கிடக்கும் செருப்பைத்தான் பார்ப்பார்கள், அதிலேயே அந்த வீட்டின் பாதி சங்கதி தெரிந்துவிடும் என்பார்கள். ஒரு தோலைக் கையில் எடுத்தால் அந்த மாடு எந்தப் பக்கம் படுத்துத் தூங்கியது என்று சொல்கிற ஊரில், தோல் எழுந்து நாலு எட்டு நடந்தால் அதற்குப்போய் யார் மூர்ச்சையாவார்கள்?

குணசுந்தரிக்கு அப்போது இருபத்து நாலு வயது. ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டுகிற பேஸ்டிங் பிரிவில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் தொட்டிமேடு பெண்கள் அணிக்கு ஸ்டாப்பர், பின்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கிறவள். பேஸ்டிங்கில் சொலுஷன் என்கிற ஒட்டுப்பசையின் வாடை மூக்கில் ஏறி மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்தாலும் இறங்காது. ஐந்து வருஷமாக அவளுக்குத் தலைவலி இல்லாத நாள் என்றால் அது பந்தாடுகிற நாள்தான். ரயில்வே அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், எடுபட்டால் ஆட்டமும் உண்டு, உத்தியோகமும் உண்டு, சொலுஷன் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன் தேர்வாளர்கள் வந்த அன்றைக்கு, பளபளவென்று இருந்த அவளுடைய ரெக்சின் பூட்ஸின் அடிப்பாகம் பதினேழாவது நிமிஷத்தில் வாயைத் திறந்துகொண்டு தபதபவென்று அடித்தது. பேஸ்டிங்கில் வேலை செய்கிறவளுக்குப் பேஸ்டிங் விட்டுப்போச்சு என்று ஊரே சிரித்தது, அவளும்கூடச் சிரித்தாள், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தேர்வாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார்கள், இருபத்தைந்து தாண்டிவிட்டால் எடுக்கமாட்டார்கள். ஆகவே இந்த வருஷம்தான், இதை விட்டால் இல்லை.

அதனால் பூட்ஸ் வாங்கும் காரியத்தை அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏற்றுமதியில் கழிந்த ஷூக்களை விற்கிற இம்தியாஸ் பாய் கடைக்கு, காலையில் போகாமல், எட்டு மணி நேரம் நின்று கால் வீங்கியிருக்கிற சாயங்காலத்தில், ஆட்டத்துக்குப் போடுகிற கெட்டி சாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அவள் புருஷன் ஏகநாதன் கூடவே போனான். மனோரஞ்சிதம் அக்கா வழியில் சேர்ந்துகொண்டாள். கடையை அடைவதற்குள் ஒன்பது பேர் ஆகிவிட்டார்கள், ஏனென்றால் தொட்டிமேட்டில் ஒருத்தி ஷூ வாங்கப் போகிறாள் என்றால் அது அவள் ஒருத்தியின் விஷயம் இல்லை.

"சேப்பு கலர் ஒண்ணு வந்துகீது, பாரும்மா, சூப்பரா கீது" என்று பாய் முதலில் ஒரு செக்கச்செவேல் ஜோடியை எடுத்துவைத்தார். அதை வாங்கி ஒருத்தர் வளைத்தார், ஒருத்தர் மோந்தார், மனோரஞ்சிதம் அக்கா கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "சுருக்கம் வுழல பாய், இது தோலா, டேபிள் விரிப்பா?" என்று திருப்பிக் கொடுத்தாள். அடியைத் தைக்காமல் ஒட்டியிருந்தது. ஒட்டினது எத்தனை நாள் தாங்கும் என்று குணசுந்தரிக்குத் தெரியாதா என்ன, அவள்தானே ஒட்டுகிறாள்.

பிறகு பாய் மேலே ஏறிப் பரண் மூலையிலிருந்து ஒரு கறுப்பு ஜோடியை இறக்கினார். எருமைத் தோல். மேற்பரப்பைச் சீவவில்லை, சாயத்தைப் பூசி மறைக்கவில்லை; முள்கம்பி கிழித்த கோடு, உண்ணி கடித்த புள்ளி எல்லாம் அப்படி அப்படியே இருந்தன, அதனால்தான் வெளிநாட்டுக்காரன் கழித்துவிட்டான். தொட்டிமேட்டுக்காரர்களுக்கோ அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. தழும்பு இருந்தால்தான் தோல், தழும்பை மறைத்தால் அது பெயின்ட் என்பது அவர்கள் கட்சி. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார்கள், மெல்ல உள்ளே இறங்கியது. விரல் மடங்குகிற இடத்தில் வளைத்தார்கள், மெல்லிய சுருக்கம் விழுந்து, கையை விட்டதும் மறைந்தது. அடி தைத்திருந்தது. குணசுந்தரி சாக்ஸோடு போட்டு எழுந்து நின்றாள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் கனம் இடம், குதிகால் தூக்கவில்லை, அவளுடைய அகலப் பாதம் இரண்டு பக்கமும் இடிக்காமல் உட்கார்ந்தது. கடைக்குள் நாலு நடை நடந்தாள், ஒரு குதி குதித்தாள், திரும்பி ஏகநாதனைப் பார்த்தாள்.

"இன்னா மாமா?"

"என்னக் கேட்டா? உன் மூஞ்சியே சொல்லுதே" என்றான் அவன்.

வீட்டுக்கு வந்ததும் ஊர் வழக்கப்படி விளக்கெண்ணெயைச் சுடவைத்துப் பூட்ஸுக்கு அரைமணி நேரம் தேய்த்தார்கள். தோல் விழித்துக்கொள்ளணும் என்று அங்கே சொல்லித்தான் தேய்ப்பார்கள், எல்லா வீட்டிலும் சொல்வதுதான். இந்தத் தோல் நிஜமாகவே விழித்துக்கொண்டது, அவ்வளவுதான் விஷயம்.

"உன் பூட்ஸக் கட்டி வைடி, கொத்தமல்லி என்னா சும்மாவா வளருது?" என்று மனோரஞ்சிதம் அக்கா வாசலில் நின்று கத்தியதும், குணசுந்தரி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இரண்டையும் லேஸைப் பிடித்து இழுத்துவந்து ஜன்னல் கம்பியில் கட்டினாள். எந்த வாயால் தின்கின்றன என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியவில்லை. முனையைத் தாழ்த்தி நிற்கும், கரகரவென்று சத்தம் கேட்கும், நகர்ந்தால் அந்த இடத்தில் தழை இருக்காது. அடுத்து வந்தவர்கள் எல்லாம் காரியமான கேள்விகளாகத்தான் கேட்டார்கள். பால் வருமா என்று ஒருத்தி கேட்டாள். வரட்டி தட்ட உதவுமா என்று இன்னொருத்தி கேட்டாள். மாட்டாஸ்பத்திரி டாக்டர் காதில் மாட்டுகிற மஞ்சள் வில்லையோடு வந்து, காது எங்கே என்று தேடிப் பார்த்துவிட்டு, காது இல்லாததால் லேஸ் கோக்கிற ஓட்டையில் மாட்டி, பதிவேட்டில் எருமை ஒன்று என்று எழுதிக்கொண்டார். இரண்டு என்றல்லவா எழுதணும் என்று ஏகநாதன் வாதாடினான். ஒரே தோல் என்றால் ஒரே மாடுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அமாவாசைக்கு அமாவாசை அகத்திக்கீரை கொடுக்க வேண்டியவர்கள், மாட்டைத் தேடிப் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறாமல், குணசுந்தரி வீட்டு வாசலில் வரிசையில் நின்றார்கள். மாட்டுப் பொங்கலுக்கு கொம்புக்குப் பதிலாக அடியில் இருந்த பன்னிரண்டு ஸ்டட் குமிழுக்கும் மாற்றி மாற்றிச் சிவப்பும் நீலமும் பூசி, லேஸில் மாலை கட்டினார்கள். இம்தியாஸ் பாய் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று, "இன்னா, சாப்ட்டாச்சா?" என்று பூட்ஸைக் கேட்டுவிட்டுத்தான் போவார். வீட்டில் குழந்தை இல்லையே என்று இரண்டு வருஷமாக ஜாடைமாடையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் பூட்ஸின் சாணம் இளகியா கெட்டியா என்று கேட்க ஆரம்பித்தது குணசுந்தரிக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

ஆட்டம் என்று வந்தால், அப்படி ஒரு பூட்ஸை அவள் ஜென்மத்தில் போட்டதில்லை. காலை உள்ளே விட்டால் வெதுவெதுப்பு, கால் வீங்கினால் அதுவும் விரிந்துகொடுக்கும், வற்றினால் சுருங்கிக்கொள்ளும். எதிராளியின் ஸ்டட் கிழித்த கிழிசல் மூன்றாம் நாள் பொருக்குத்தட்டி, ஐந்தாம் நாள் மூடிக்கொண்டது. அவள் தரையில் காலை ஊன்றி நின்றால் தோளால் இடித்தவர்கள்தான் விழுந்தார்கள். எருமையை இடித்துத் தள்ள முடியுமா? லீக் ஆட்டம் ஆறிலும் ஒரு கோல்கூட விடவில்லை. அந்த ஆறும் தொட்டிமேட்டு ஆற்று மணலிலும் சுற்றுவட்டாரக் கட்டாந்தரையிலும் நடந்தவை என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை. அந்த ஊரில் தண்ணீர் கெட்டு நாற்பது வருஷம் ஆகிறது, தரையில் ஒரு புல் கிடையாது.

அரையிறுதிக்குப் போன ஊரில் கார்னர் கொடி ஓரமாக, குழாய் கசிகிற இடத்தில், ஒரு பாய் அகலத்துக்குப் புல் இருந்தது. பந்தைத் துரத்திக்கொண்டு போன குணசுந்தரி அந்த இடத்தில் போய் நின்றாள். நின்றவள் நின்றவள்தான். பந்து அவளைக் கடந்து போனது, எதிரணிக்காரி கடந்து போனாள், கோல் விழுந்தது, அவள் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டு, "வாடா, வாடா செல்லம், வந்துடு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். நல்லவேளை, தொட்டிமேட்டு அணி ஏற்கெனவே மூன்று கோல் போட்டிருந்தது.

அணியைப் பயிற்றுவிக்கிற ரோசாலி டீச்சர் அன்று சாயங்காலம் எல்லோரையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள். இறுதி ஆட்டம் மாவட்டத் தலைநகரில், ரயில்வே தேர்வாளர்கள் முன்னிலையில். மைதானம் முழுக்கப் புல்.

ஊர் கூடி யோசித்தது. வேறு பூட்ஸ் போடு என்றார்கள். இந்தச் சுகத்துக்குப் பழகின காலில் எதைப் போட்டாலும் கடித்தது. முதல்நாளே வயிறு முட்டப் போட்டுவிடு என்றார்கள். நாலு கட்டு வைக்கோலும் ஒரு கூடைத் தவிடும் வைத்துச் சோதித்துப் பார்த்ததில், வைக்கோலை மறுப்பு இல்லாமல் தின்றன, அதற்கப்புறமும் புல் படம் போட்ட காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றன. பூட்ஸ் எப்படிப் பார்க்கும் என்று கேட்காதீர்கள், பார்த்தன. கடைசியில் ஏகநாதன்தான் சொன்னான். அவன் மலைக்கு அந்தப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன்.

"தாம்பு ஓட்டும்போது நெல்லத் துன்னக் கூடாதுன்னு மாட்டுக்கு வாய்க்கூடை போடுவாங்க இல்ல? அதப் போட்டா இன்னா?"

வெங்காய மூட்டை நைலான் வலையில் அவனே இரண்டு வாய்க்கூடை பின்னி, பூட்ஸ் முனையில் மாட்டி, லேஸோடு இறுக்கிக் கட்டினான். குழாய் கசிகிற அந்தப் புல்திட்டுக்கே கூட்டிப்போய்ச் சோதித்தார்கள். பூட்ஸ் முனையைத் தாழ்த்தின, வலை தடுத்தது, கொஞ்சம் தலையை ஆட்டின, பிறகு அவள் இழுத்த இழுப்புக்கு வந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். ஏகநாதனுக்கு அன்றைக்கு ரொம்பப் பெருமை.

இறுதி ஆட்டத்துக்குத் தொட்டிமேட்டிலிருந்து மூன்று வேன் போனது. நடுவர் வாய்க்கூடையைத் தொட்டுப் பார்த்தார், கூர்மையாக ஒன்றும் இல்லை என்று அனுமதித்தார். முதல் பாதியில் குணசுந்தரி ஆடியதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் பேசுகிறார்கள். ஒருத்தியும் அவளைத் தாண்டவில்லை; இருபத்தோராவது நிமிஷத்தில் அவள் காலிலிருந்து புறப்பட்ட நீளப் பந்துதான் ஒரே கோலாக முடிந்தது. நிழற்பந்தலில் உட்கார்ந்திருந்த மூன்று தேர்வாளர்களில் நடுவில் இருந்தவர் பேனாவை மூடவே இல்லை. ரோசாலி டீச்சர் அதைப் பார்த்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டே நின்றாள்.

ஆனால் உள்ளே நடந்தது குணசுந்தரிக்குத்தான் தெரியும். புல்லில் வைத்த முதல் அடியிலேயே பூட்ஸ் நடுங்கியது. கணுக்கால் வரைக்கும் எழும்பி நின்ற பச்சைப் புல், பனி காயாத புல், அதன் வாசனையிலேயே நின்றுகொண்டு, அதை மிதித்துக்கொண்டு, ஒரு இதழ் வாய்க்கு எட்டாமல் நாற்பத்தைந்து நிமிஷம். ஒவ்வொரு முறை கால் ஊன்றும்போதும் முனை தானாகக் கீழே போய் வலையில் முட்டியது. அந்த வெதுவெதுப்பு போய் உள்ளங்கால் ஜில்லிட்டது. அப்படியும் அது அவள் சொன்ன பக்கம் ஓடியது, அவள் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றது.

இடைவேளையில் ஓரமாக உட்கார்ந்து குனிந்து பார்த்தாள். நைலான் வலை எச்சிலில் நனைந்து தொப்பலாக இருந்தது.

கம்பெனியில் கப்பலுக்குச் சரக்கு போகிற வாரத்தில் மணி ஒன்று அடித்தாலும் சாப்பாட்டுக்கு விடமாட்டார்கள். பெஞ்சுக்குக் கீழே தூக்கு இருக்கும், மூடியைத் தாண்டிக் குழம்பு வாசனை வரும், கை ஒட்டிக்கொண்டே இருக்கும், வாயில் ஊறினதை முழுங்கிக்கொண்டு இரண்டு, இரண்டரை வரைக்கும் நிற்பார்கள். ஐந்து வருஷமாக நின்றிருக்கிறாள். அதிலிருந்து தப்பிக்கத்தான் இந்த ஆட்டம் ஆடுகிறாள்.

லேஸை அவிழ்த்தாள்.

"ஏய், இன்னா பண்றே?" என்று ரோசாலி டீச்சர் ஓடிவந்தாள். "இன்னும் நாப்பத்தஞ்சு நிமிஷம்தான்டி. நடு ஆளு உன் பேர எழுதிட்டாருடி, நானே பாத்தேன். நாப்பத்தஞ்சே நிமிஷம்!"

"தெரியும் டீச்சர்."

"அப்புறம் வயிறு முட்டப் போடலாமேடி அதுக்கு, ஆட்டம் முடிஞ்சதும்!"

"அப்படித்தான் டீச்சர் எங்களுக்கும் சொல்லுவாங்க" என்றாள் குணசுந்தரி. வாய்க்கூடை இரண்டையும் கழற்றி, பூட்ஸை ஏகநாதன் கையில் கொடுத்தாள். "மாமா, கோட்டுக்கு அந்தாண்ட கூட்டினு போ. கயித்த இழுக்காத, அதுங்க போற பக்கம் வுடு." பிறகு மாற்று ஆட்டக்காரியாக உட்கார்ந்திருந்த பெனாசிரிடம், "உன் பூட்ஸக் குடும்மா" என்று கேட்டாள்.

பெனாசிருக்குச் சின்னப் பாதம். ஒரு அளவு குறைச்சல், அகலத்தில் இரண்டு அளவு குறைச்சல், அதுவும் ரெக்சின். விரல்களை மடக்கி உள்ளே திணித்துக்கொண்டு இரண்டாம் பாதிக்கு இறங்கினாள். பத்து நிமிஷத்தில் குதிகால் தோல் உரிந்தது. இருபது நிமிஷத்தில் சாக்ஸ் சிவந்தது. ஒருத்தி அவளைத் தாண்டிப் போனாள், கோல்கீப்பர் பாய்ந்து தடுத்தாள். இன்னொருத்தி தாண்டினாள், பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. குணசுந்தரி நொண்டிக்கொண்டே குறுக்கே போனாள், விழுந்தாள், எழுந்தாள், தேர்வாளர்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. கோட்டுக்கு அந்தப்பக்கம் ஏகநாதன் இரண்டு லேஸையும் கையில் பிடித்துக்கொண்டு பூட்ஸ் போன போக்கில் போய்க்கொண்டிருந்தான். மைதானத்துக் காவலாளி வந்து முதலில் சத்தம் போட்டார். பிறகு மேய்ந்த இடம் ஒரே மட்டமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, புல்வெட்டும் மிஷின் ரிப்பேர், அந்த மூலைக்கும் கொஞ்சம் ஓட்டிட்டுப் போப்பா என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்றுக்குப் பூஜ்யம். கோப்பை தொட்டிமேட்டுக்கு. வேனில் வந்தவர்கள் பறையடித்து ஆடிக்கொண்டிருக்கும்போது ஒலிபெருக்கியில் ரயில்வேக்கு எடுத்தவர்களின் பெயரை வாசித்தார்கள். ஏழு பெயர். ஏழாவது பெயர் முடிந்து, நன்றி வணக்கமும் சொல்லியான பிறகும் குணசுந்தரி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

நடுவில் உட்கார்ந்திருந்த தேர்வாளர் கிளம்பிப் போகும்போது அவளிடம் வந்தார்.

"முதல் பாதி பாத்து உன் பேரத்தாம்மா மேல எழுதியிருந்தேன். ரெண்டாம் பாதி பாத்து அடிக்க வேண்டியதாப் போச்சு. ஏம்மா பூட்ஸ மாத்தின?"

"பசியா இருந்துச்சு சார். புல்லு மேல நிக்க வெச்சு வாயக் கட்டிட்டேன்."

அவர் மைதானத்தின் மறுபக்கம் பார்த்தார். ஏகநாதனையும் பூட்ஸையும் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தா வேலை கிடைச்சிருக்குமே" என்றார், நிஜமான வருத்தத்தோடுதான்.

"நான் பொறுத்துப்பேன் சார், எனக்குப் பழக்கம்" என்றாள் அவள். "அதப் போயி எப்படி சார் பொறுத்துக்கச் சொல்றது?"

அவர் அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

வேன்கள் கிளம்பிப் போயின. குணசுந்தரி ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து பெனாசிரின் பூட்ஸிலிருந்து காலை உரித்து எடுத்தாள். ஏகநாதன் கறுப்பு ஜோடியைத் தூக்கிக்கொண்டு வந்தான். வயிறு நிறைந்து, இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது.

"அழுவறியா?"

"ஆமா."

"இதுங்கள அவுத்து வுட்டதுக்கா?"

"அதுக்கு எதுக்கு மாமா அழுவேன்? வேலை போச்சே, அதுக்குத்தான்" என்று சொல்லி ஓவென்று அழுதாள். அவ்வளவு ஆசைப்பட்டிருந்தாள். ஏகநாதன் பக்கத்திலேயே நின்றான். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, ரத்தம் காயாத கால் இரண்டையும் பூட்ஸுக்குள் விட்டாள். விட்டதும் அப்படியே அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை மாசமாகச் சுகம் சுகம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாளே, அதெல்லாம் பச்சைப் புல்லுக்கு ஏங்கிக்கிடந்த ஒரு ஜீவன் தனக்காக இழுத்துப்பிடித்துக் கொடுத்த சுகம் என்று இப்போதுதான் தெரிந்தது. உரிந்த குதிகாலைச் சுற்றி ஈரமாக, வெதுவெதுப்பாக ஏதோ மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

ஏகநாதன் முன்னால் ஏறி வண்டியைக் கிளப்பினான்.

"மெதுவா ஓட்டு மாமா" என்றாள் அவள். "அசை போடுது."